வலிப்புக்கு இரண்டு மாத்திரைகள்: இடைவெளி விட்டுக் கொடுத்தால் போதுமா?

குடியாத்தத்துக்கு அருகிலுள்ள ஒரு சிற்றூரிலிருந்து ஒரு தாய் நான்கு பக்கங்களுக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். அடையாளம் தெரியக்கூடிய விவரங்களை நீக்கிவிட்டு அதைச் சுருக்கித் தருகிறேன்.

அவருடைய மகளுக்கு வயது 23. பதினாறாம் வயதிலிருந்தே காலையில் எழுந்த சற்று நேரத்தில் அந்தப் பெண்ணின் கை சட்டென்று உதறும். பிடித்திருக்கும் காப்பி டம்ளர் எகிறிப் போய் விழும். கவனக்குறைவு என்று வீட்டில் திட்டியிருக்கிறார்கள். ஓராண்டு கழித்து, தேர்வுக்காக இரவெல்லாம் கண்விழித்துப் படித்த மறுநாள் காலையில் முழு வலிப்பே வந்துவிட்டது. அன்று தொடங்கிய வால்ப்ரோயேட் மாத்திரை, காலையும் இரவும் 500 மில்லிகிராம் என்ற அளவில், 6 ஆண்டுகளாகத் தொடர்கிறது. கடந்த இரண்டு ஆண்டுகளாக முழு வலிப்பு வரவில்லை. தை மாதம் திருமணம் நிச்சயமாகியிருக்கிறது என்று சொன்னதும், வேலூரில் பார்க்கும் நரம்பியல் மருத்துவர் லாமோட்ரிஜின் என்ற இரண்டாவது மருந்தை, 25 மில்லிகிராம் மாத்திரையாக, ஒன்றுவிட்டு ஒருநாள் என்று எழுதிக் கொடுத்திருக்கிறார். அதை மெல்ல மெல்லக் கூட்டிய பிறகு வால்ப்ரோயேட்டை மெல்லக் குறைப்பதாகவும் சொல்லியிருக்கிறார்.

இதன் பிறகு நடந்ததுதான் கடிதத்தின் சாரம். இரண்டு மாத்திரைகளும் ‘சேராது’ என்று யாரோ சொன்னதால், லாமோட்ரிஜினை மட்டும் பிற்பகல் இரண்டு மணிக்குத் தனியே கொடுத்திருக்கிறார். உறவினர் ஒருவரின் மகன் இதே மருந்தை முதல் நாளே 50 மில்லிகிராமில் தொடங்கி, மூன்றாவது வாரத்தில் 100 மில்லிகிராமுக்குப் போய்விட்டான் என்று கேள்விப்பட்டு, இரண்டாம் வாரத்திலிருந்து தினமும் ஒன்று, மூன்றாம் வாரத்திலிருந்து தினமும் இரண்டு என்று தாமாகவே கூட்டியிருக்கிறார். வால்ப்ரோயேட் பிறக்கப்போகும் குழந்தையைப் பாதிக்கும் என்பதால் அதை உடனே நிறுத்திவிடலாமா, திருமண நாளில் மாதவிலக்கு வராமல் தள்ளிப்போடும் மாத்திரை கொடுக்கலாமா, ஞாபகசக்திக்காகக் கொடுத்துவரும் சங்குபுஷ்பி சிரப்பைத் தொடரலாமா, மாப்பிள்ளை வீட்டாரிடம் நோயைச் சொல்ல வேண்டுமா என்றெல்லாம் கேட்டுவிட்டு, கடைசி வரியில் போகிற போக்கில் எழுதியிருந்தார்: “கழுத்தில் வேர்க்குரு மாதிரி இரண்டு நாளாக இருக்கிறது, அது வெயிலால்தான்.”

அம்மா, அந்தக் கடைசி வரியிலிருந்துதான் நான் தொடங்க வேண்டும்.

கழுத்தில் தோன்றிய தடிப்பு

கடிதத்தில் தொலைபேசி எண் இருந்ததால், அது கைக்கு வந்த அன்றே உங்களை அழைத்து, மகளை அன்று மாலைக்குள் மருத்துவரிடம் காட்டச் சொன்னேன். நீங்களும் காட்டினீர்கள், அது வேர்க்குருதான் என்று தெரிந்து, மருந்தை மருத்துவர் மீண்டும் அட்டவணைப்படியான அளவுக்குக் கொண்டுவந்துவிட்டார். நல்லபடியாக முடிந்தது. ஆனாலும் அந்த ஒரு வரிக்காக நான் ஏன் பதறினேன் என்பதை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும்.

லாமோட்ரிஜின் எடுப்பவர்களில் மிகச் சிலருக்கு, ஆயிரத்தில் ஓரிருவர் என்ற அளவில், தோலையும் வாய், கண் ஆகியவற்றின் உட்சவ்வையும் உரித்துவிடும் கடுமையான ஒவ்வாமை ஏற்படலாம். ஸ்டீவன்ஸ்–ஜான்சன் நோய்த்தொகுப்பு என்பது அதன் பெயர். பெரும்பாலும் மருந்து தொடங்கிய இரண்டாவது வாரத்துக்கும் எட்டாவது வாரத்துக்கும் இடையில்தான் அது தலைகாட்டுகிறது. வால்ப்ரோயேட் கூடவே இருப்பது, லாமோட்ரிஜினை அதிக அளவில் தொடங்குவது, அளவை வேகமாகக் கூட்டுவது ஆகிய மூன்றும் அந்த ஆபத்தை உயர்த்துபவை என்பது நன்கு அறியப்பட்ட செய்தி. உங்கள் மகளிடம் முதலாவது ஏற்கெனவே இருந்தது. மூன்றாவதை, நல்லெண்ணத்தோடுதான் என்றாலும், நீங்கள் சேர்த்துவிட்டீர்கள். எனவே இந்தச் சில வாரங்களுக்கு எந்தத் தடிப்பையும் வெயிலின் மீது போட வேண்டாம். தடிப்போடு காய்ச்சல், வாய்ப்புண், கண் சிவப்பு, தோல் எரிச்சல், கழுத்தில் நெறிகட்டுதல் ஆகியவற்றில் ஒன்று சேர்ந்தாலும், அடுத்த லாமோட்ரிஜின் மாத்திரையைக் கொடுக்காமல் நேரே மருத்துவமனைக்குப் போய்விட வேண்டும். வால்ப்ரோயேட்டை மட்டும் வழக்கம்போல் கொடுத்துவிட்டுப் போங்கள்.

இரண்டு மணிக்குக் கொடுப்பதால் ஏன் பயனில்லை

மருந்துகள் வயிற்றில் சந்தித்துச் சண்டையிடுகின்றன, ஆகவே வேறு வேறு நேரத்தில் கொடுத்தால் மோதல் தவிர்க்கப்படும் என்பது பலரும் நம்பும் கணக்கு. இரும்புச்சத்து மாத்திரையும் தைராய்டு மாத்திரையும் போன்ற சில இணைகளில் அது ஓரளவு உண்மையும்கூட. ஆனால் உங்கள் மகளின் இரண்டு மருந்துகளும் ஊடாடும் இடம் கல்லீரல்.

வீட்டுத் தண்ணீர்த் தொட்டியை எண்ணிக்கொள்ளுங்கள். தினமும் ஒரு குடம் ஊற்றுகிறீர்கள். கீழே உள்ள துளை வழியாகக் கொஞ்சம் கொஞ்சமாக நீர் வெளியேறிக்கொண்டே இருக்கிறது. ஊற்றுவதும் வெளியேறுவதும் சமமாகும் மட்டத்தில் நீர் நிற்கும். லாமோட்ரிஜினைப் பொறுத்தவரை அந்தத் துளை கல்லீரலில் உள்ள ஒரு நொதி. வால்ப்ரோயேட் அந்தத் துளையைப் பாதி அடைத்துவிடுகிறது. லாமோட்ரிஜினைத் தனியாக எடுப்பவரின் இரத்தத்தில் அதன் அளவு பாதியாகக் குறைய ஏறத்தாழ 25 முதல் 30 மணி நேரம் ஆகும் என்றால், வால்ப்ரோயேட்டோடு எடுப்பவருக்கு 60 மணி நேரமோ அதற்கு மேலோ ஆகிறது. குடத்தைக் காலையில் ஊற்றினாலும் பிற்பகலில் ஊற்றினாலும் துளை அடைபட்டே இருப்பதால், நீர்மட்டம் மாறப்போவதில்லை. சொல்லப்போனால், வேலைக்குப் போகும் பெண்ணுக்கு மதியம் இரண்டு மணி என்பது மறதிக்கு வசதியான நேரம். காலை உணவுக்குப் பின் வால்ப்ரோயேட்டோடு சேர்த்தே கொடுங்கள்.

‘சேராது’ என்ற சொல்லையும் இங்கே சற்றுத் திருத்திக்கொள்ள விரும்புகிறேன். வால்ப்ரோயேட்டும் லாமோட்ரிஜினும் சேர்ந்து, தனித்தனியே எந்த மருந்துக்கும் அடங்காத வலிப்பைக் கட்டுப்படுத்துவதை நரம்பியல் மருத்துவர்கள் பலரும் கண்டிருக்கிறோம்; இது எங்களுக்குப் பிடித்தமான ஜோடிகளில் ஒன்று. லாமோட்ரிஜினின் அளவைக் குறைத்துக் கணக்கிட வேண்டும் என்பதுதான் நிபந்தனை. உங்கள் மருத்துவர் ‘ஒன்றுவிட்டு ஒருநாள்’ என்று எழுதியது கஞ்சத்தனத்தால் அன்று. துளை அடைபட்ட தொட்டிக்கு அளந்து எழுதிய அளவு அது.

உறவினர் மகனின் கணக்கு வேறு

அந்தப் பையனுக்கு 50 மில்லிகிராமில் தொடங்கி மூன்றாவது வாரத்தில் 100 மில்லிகிராம் கொடுத்திருக்கிறார்கள் என்றால், அவன் ஏற்கெனவே கார்பமசெப்பின், பெனிடாயின், பீனோபார்பிட்டோன் ஆகிய வலிப்பு மருந்துகளில் ஒன்றை எடுத்துக்கொண்டிருப்பான் என்று பந்தயமே கட்டுவேன். இவை வால்ப்ரோயேட்டுக்கு நேர் எதிர். கல்லீரலின் நொதிகளைத் தூண்டிவிட்டுத் தொட்டியின் துளையைப் பெரிதாக்குபவை. இவற்றை எடுப்பவர்களிடம் லாமோட்ரிஜின் 14 மணி நேரத்திலேயே பாதியாகிவிடும். அவனுக்குச் சரியான அளவை உங்கள் மகளுக்குக் கொடுப்பது நான்கு மடங்கு வேகத்தில் தொடங்குவதாகும். அட்டையின் மீது ஒரே பெயர், ஒரே நிறம் இருந்தாலும், பக்கத்தில் எந்த மாத்திரை இருக்கிறது என்பதைப் பார்க்காமல் யாருடைய அளவையும் யாருக்கும் பொருத்த முடியாது.

வால்ப்ரோயேட் எடுப்பவருக்கு வழக்கமான அட்டவணை இது: முதல் இரண்டு வாரங்கள் 25 மில்லிகிராம் ஒன்றுவிட்டு ஒருநாள், அடுத்த இரண்டு வாரங்கள் தினமும் 25, அதன்பின் ஒன்று அல்லது இரண்டு வாரங்களுக்கு ஒருமுறை 25 முதல் 50 வரை கூட்டி, பெரும்பாலும் 100 முதல் 200 மில்லிகிராமில் நிறுத்துவோம். இதற்கே இரண்டு மாதங்களாவது ஆகும். இடையில் ஐந்து நாட்களுக்கு மேல் லாமோட்ரிஜின் விடுபட்டுவிட்டால், விட்ட இடத்திலிருந்து தொடங்கக் கூடாது. பெரும்பாலும் முதல் படியிலிருந்தே மீண்டும் ஏற வேண்டியிருக்கும் என்பதால் மருத்துவரைக் கேட்டுவிட்டே தொடங்குங்கள்.

மகள் வாசலில் கோலம் போடும்போது கோடு நடுங்குகிறது, பழைய உதறல் திரும்பிவிட்டதோ என்று நீங்கள் பயந்திருப்பதும் இந்த ஊடாட்டத்தோடு தொடர்புடையதாகவே இருக்கலாம். உதறல் என்பது ஒரு நொடியில் கையைத் தூக்கி எறியும். மாவு சிதறும், டம்ளர் பறக்கும். நடுக்கம் என்பது கையை நீட்டி எதையாவது செய்யும்போது விடாமல் மெல்லிதாக ஓடும். புள்ளி தவறாது, கோடு மட்டும் நெளியும். வால்ப்ரோயேட்டே நடுக்கம் தரக்கூடியது. லாமோட்ரிஜின் சேரும்போது அது கூடுவதுண்டு. நீங்கள் எழுதியதைப் பார்த்தால் இரண்டாவது வகை போல்தான் தெரிகிறது. இருந்தாலும் ஒரு காலை நேரத்தில் அவள் கோலம் போடுவதைக் கைபேசியில் ஒரு நிமிடம் படம் பிடித்து மருத்துவரிடம் காட்டுங்கள். ஏனெனில் இந்த வகை வலிப்பில் லாமோட்ரிஜினே சிலருக்கு உதறலைக் கூட்டிவிடுவதும் உண்டு. தலைசுற்றலோ, பொருள்கள் இரண்டிரண்டாகத் தெரிவதோ, நடையில் தள்ளாட்டமோ வந்தால் தொட்டி நிரம்பி வழிகிறது என்று கொள்ளலாம்.

வால்ப்ரோயேட்டை உடனே நிறுத்தலாமா?

கூடாது. ஆனால் உங்கள் கவலையில் முழு நியாயம் இருக்கிறது. அதைச் சமாதானப் பேச்சால் மூடிவிட எனக்கு மனமில்லை. கருவுற்ற காலத்தில் தாய் வால்ப்ரோயேட் எடுத்திருந்தால், நூறு குழந்தைகளில் ஏறத்தாழ 10 பேர் முதுகுத்தண்டு, இதயம், உதடு போன்ற உறுப்புகளில் பிறவிக் குறையோடு பிறக்கிறார்கள். பொதுவாக இது நூறில் இரண்டு மூன்றுதான். அதைவிடப் பலருக்குத் தெரியாதது, அத்தகைய குழந்தைகளில் நூறில் 30 முதல் 40 பேருக்குப் பேச்சு, கற்றல், நடத்தை ஆகியவற்றில் வளர்ச்சிக் குறைபாடு காணப்படுகிறது என்பது. லாமோட்ரிஜினில் பிறவிக் குறையின் விகிதம் பொதுவான விகிதத்தை ஒட்டியே இருக்கிறது. உங்கள் மருத்துவர் ஏன் மாற்றத் தொடங்கினார் என்பதற்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டியதில்லை.

ஆனால் ஆறு ஆண்டுகள் பழகிய வால்ப்ரோயேட்டை ஒரே நாளில் நிறுத்தினால் இரண்டு வழிகளில் அடி விழும். ஒன்று, அதன் பாதுகாப்பு போய்விடுகிறது. விடாமல் தொடரும் வலிப்பு நிலைக்குப் போய் உயிருக்கே ஆபத்தாகலாம். மற்றொன்று யாரும் எதிர்பாராதது: அடைத்திருந்த துளை திறந்துகொள்வதால் லாமோட்ரிஜினின் அளவும், ஒரு மாத்திரையைக்கூட நீங்கள் குறைக்காமலேயே, ஏறத்தாழ பாதியாகச் சரிந்துவிடும். ஒரு மருந்தை நிறுத்தியதாக நீங்கள் நினைப்பீர்கள். உண்மையில் ஒன்றரை மருந்தை நிறுத்தியிருப்பீர்கள். அதனால்தான் வால்ப்ரோயேட்டைப் படிப்படியாகக் குறைக்கும்போதே லாமோட்ரிஜினை வழக்கமாக இரட்டிப்பாக்கிக்கொண்டு போகிறோம்.

இந்த மாற்றம் முழுவதும் தை மாதத்துக்குள் முடியாது. முடிக்க முயலவும் வேண்டாம். திருமணத் தேதிக்காக மருந்தை அவசரப்படுத்துவதை விட, மருந்து மாற்றம் முடிந்து சில மாதங்கள் வலிப்பின்றிக் கழியும் வரை கருத்தரிப்பைத் தள்ளிப்போடுவதே என் ஆலோசனை. இதை மணமக்கள் இருவரும் சேர்ந்து மருத்துவரிடம் பேசி முடிவு செய்ய வேண்டும். கருத்தரிக்கத் திட்டமிடுவதற்கு முன்பிருந்தே ஃபோலிக் அமிலம், பொதுவாக 5 மில்லிகிராம், தொடங்கப்படும். கருவுற்ற பிறகு லாமோட்ரிஜினின் துளை மறுபடி பெரிதாகும் என்பதால் அப்போது அளவைக் கூட்டவும், பிரசவத்துக்குப் பின் ஓரிரு வாரங்களில் குறைக்கவும் நேரும். அந்தக் கட்டத்தில் இரத்தப் பரிசோதனை பெரிதும் உதவும். இரத்தத்தை எப்போதும் காலை மாத்திரைக்கு முன்பே எடுக்க வேண்டும்.

திருமணத்தை ஒட்டி வரும் மற்ற மாத்திரைகள்

மாதவிலக்கைத் தள்ளிப்போட நம் ஊரில் கொடுப்பது பெரும்பாலும் நோரெதிஸ்டெரோன். அதில் ஈஸ்ட்ரோஜன் இல்லை; உங்கள் மகளின் இரு மருந்துகளோடும் அதற்குப் பெரிய தகராறு கிடையாது. அதற்காகக் கடையில் கேட்டு வாங்கிவிட வேண்டாம். மகளிர் மருத்துவரிடம் இரு மருந்துகளின் பெயரையும் சொல்லி எழுதி வாங்குங்கள். கவனம் வேண்டியது கருத்தடை மாத்திரையில்தான். ஈஸ்ட்ரோஜன் கலந்த வழக்கமான கருத்தடை மாத்திரைகள் லாமோட்ரிஜினை ஏறத்தாழப் பாதியாகக் குறைத்துவிடக்கூடியவை. மாத்திரை எடுக்காத ஏழு நாட்களில் அளவு மறுபடி ஏறும். வால்ப்ரோயேட் கூடவே இருக்கும்வரை இந்த இழப்பு அவ்வளவாகத் தெரியாமல் இருந்து, அதைக் குறைத்த பிறகு வலிப்பாக வெளிப்படலாம். ஆணுறையோ காப்பர்–டி சாதனமோ இந்தத் தொல்லை இல்லாதவை. (கார்பமசெப்பின், பெனிடாயின் எடுக்கும் பெண்களுக்குக் கதை தலைகீழ்: அங்கே கருத்தடை மாத்திரையே வலுவிழந்துவிடும்.)

சங்குபுஷ்பி சிரப்பை நிறுத்திவிடுங்கள். அது பெனிடாயினின் அளவையும் பலனையும் குறைத்ததை 1992 இல் வெளியான இந்திய ஆய்வு ஒன்று காட்டியிருக்கிறது. உங்கள் மகள் பெனிடாயின் எடுக்கவில்லை என்பது சரிதான். ஆனால் செடி என்றால் மருந்தோடு ஊடாடாது என்ற நம்பிக்கையைத் தகர்க்க அந்த ஓர் எடுத்துக்காட்டு போதும். மேலும் அந்தப் பெயரில் வடக்கே ஒரு செடியையும் நம் பக்கத்தில் சங்குப்பூக் கொடியையும் குறிப்பிடுகிறார்கள்; புட்டியில் இருப்பது எது என்று உறுதியாகச் சொல்ல என்னால் முடியாது.

காய்ச்சல், தலைவலிக்குப் பாரசிட்டமால் போதும். ஆஸ்பிரின், வால்ப்ரோயேட்டின் செயல்படும் பகுதியை உயர்த்துவதால் வேண்டாம். டிரமடால் கலந்த வலி மாத்திரையும், சிப்ரோஃப்ளாக்சசின் வகை நுண்ணுயிர்க்கொல்லிகளும் வலிப்பைத் தூண்டக்கூடியவை என்பதால், கொடுப்பவரிடம் முன்கூட்டியே சொல்லுங்கள். எப்போதாவது கடுமையான தொற்றுக்காக மருத்துவமனையில் சேர்க்க நேர்ந்தால், ‘வால்ப்ரோயேட் எடுக்கிறாள்’ என்பதை முதல் வாக்கியமாகவே சொல்ல வேண்டும். மெரோபெனெம் போன்ற ஊசிகள் ஓரிரு நாட்களிலேயே வால்ப்ரோயேட்டை இரத்தத்திலிருந்து பெருமளவு காணாமல் செய்துவிடும், மாத்திரையை எவ்வளவு கூட்டினாலும் அதை ஈடுகட்ட முடியாது. காசநோய்க்கான ரிஃபாம்பிசின் லாமோட்ரிஜினை வெகுவாகக் குறைக்கும் என்பதும் நம் மாவட்டத்தில் நினைவில் வைக்க வேண்டியதே.

திருமண நாளைப் பற்றி ஒரு சொல். முதல் நாள் இரவு வரவேற்பு, மறுநாள் விடியற்காலை முகூர்த்தம் என்று வைத்தால் அந்தப் பெண் தூங்கப்போவது இரண்டு மணி நேரம்; அவளுடைய வகை வலிப்புக்குத் தூக்கமின்மையைப் போன்ற தூண்டுகோல் வேறில்லை. முகூர்த்தத்தை ஒன்பது மணிக்குப் பின் பார்க்கச் சொல்லுங்கள், அல்லது வரவேற்பை மறுநாள் மாலைக்குத் தள்ளுங்கள். விரதம் இருந்தாலும் மாத்திரை மட்டும் தவறக் கூடாது. அந்த வாரத்திலும் அதற்கு முந்தைய வாரத்திலும் அளவில் எந்த மாற்றமும் செய்யாமலிருக்க மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

மாப்பிள்ளை வீட்டாரிடம் சொல்வது

மறைத்துத் திருமணம் செய்துகொடுத்த பெண்களைப் பார்த்துப் பார்த்து எனக்கு ஓர் உறுதியான கருத்து உருவாகியிருக்கிறது: சொல்லிவிடுங்கள். இதில் நெறிமுறை ஒருபக்கம் இருக்கட்டும். நான் மருந்துக் கண்ணால் மட்டும் பார்க்கிறேன். மறைத்துவைத்த மாத்திரை புடவை மடிப்புக்குள் இருக்கும். யாரும் பார்க்காத நேரம் வரும்வரை தள்ளிப்போகும். மாமியார் அழைத்துப் போகும் மருத்துவரிடம் அதன் பெயரை அவளால் சொல்ல முடியாது. அவர் எழுதும் மருந்து எதோடு மோதும் என்று அவருக்கும் தெரியாது. நான் மேலே எழுதிய எச்சரிக்கைகள் அத்தனையும் பட்டியல் திறந்திருந்தால்தான் பயன்படும்.

சட்டத்தைப் பற்றிய பயமும் உங்களுக்கு இருப்பதாகத் தெரிகிறது. வலிப்பு நோய் உள்ளவர் திருமணம் செய்துகொள்ளத் தகுதியற்றவர் என்ற பொருளில் இந்து திருமணச் சட்டத்தில் இருந்த சொற்கள் 1999 ஆம் ஆண்டுத் திருத்தத்தால் நீக்கப்பட்டுவிட்டன. இன்று அது தடையில்லை. ஆனால் மறைத்ததை மோசடி என்று சொல்லி வழக்குத் தொடுப்பவர்கள் இருக்கிறார்கள். அதுவும் சொல்லிவிடுவதற்கான ஒரு காரணம். மாப்பிள்ளையை அடுத்த முறை மருத்துவரிடம் உடன் அழைத்துப் போனால், பாதிக் கேள்விகளுக்கு அங்கேயே பதில் கிடைக்கும். நீங்கள் தனியாகச் சுமக்க வேண்டியிருக்காது. நாட்டிலேயே முதல் நரம்பியல் அறுவைசிகிச்சைத் துறை 1949 இல் தொடங்கிய ஊர் வேலூர். வங்காளத்திலிருந்தும் அசாமிலிருந்தும் இரண்டு நாள் ரயிலேறி வலிப்புக்கு மருத்துவம் தேடி இங்கே வருகிறார்கள். குடியாத்தத்திலிருந்து ஒரு மணி நேரப் பேருந்துப் பயணத்துக்கு மாப்பிள்ளை மறுப்புச் சொல்லமாட்டார் என்றே நினைக்கிறேன்.

வால்ப்ரோயேட்டை ஓர் இடத்தில் இலவசமாகவும் லாமோட்ரிஜினை வேறு இடத்தில் விலைக்கும் வாங்குவதாக எழுதியிருக்கிறீர்கள். அதில் தவறில்லை, ஆனால் இரண்டு இடத்து மருந்துச்சீட்டிலும் இரண்டு மருந்துகளின் பெயரும் அளவும் இருக்க வேண்டும். ஓரிடத்தில் இருப்பு இல்லை என்று வேறு பெயருள்ள வலிப்பு மாத்திரையைக் கொடுத்தால், வாங்கி வைத்துக்கொண்டு மருத்துவரை அழைத்துக் கேட்கும்வரை அதைக் கொடுக்காதீர்கள். அதே நேரத்தில் பழைய மாத்திரை ஒருவேளைக்கும் இல்லாமல் போகாதபடி, எப்போதும் பத்து நாட்களுக்கு முன்பே வாங்கிவிடுங்கள். முறுக்குச் சம்படத்தில் எல்லா மாத்திரைகளையும் போட்டு வைத்திருப்பதாகச் சொன்னீர்களே, அடுத்த முறை போகும்போது காலி அட்டைகள், சிரப் புட்டி உட்பட அந்தச் சம்படத்தை அப்படியே எடுத்துக்கொண்டு போங்கள்.